கடைசி ரேங்க்காரன் கையெழுத்து

டெலிபோன் அலறியது!

காலை ஏழு நாற்பது. ராணுவப் பாராசூட் கூடத்தின் சூப்பர்வைசர், டீ டம்ளரைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தார்.

"விமானத் தளத்துலேருந்து பேசறேன் சார். இன்னிக்குக் குதிக்கிறதுக்கு அனுப்பின முப்பது பாராசூட்டும் வந்துடுச்சு. ஒண்ணுல மட்டும் ஒரு சின்னக் குழப்பம்..."

"என்ன குழப்பம்?"

"அட்டையில மடிச்சவர் கையெழுத்து... உங்க ஆமையோடது."

"தேதி?"

"நேத்து!"

டம்ளர் நழுவி விழுந்தது.

ஆமை செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது!

ஆமை என்பது பட்டப்பெயர். ராணுவத்தில் சீருடை போடாத சிவிலியன் தொழிலாளி. மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஏழு பாராசூட் மடித்தால் இவர் நாலுதான் மடிப்பார். ஒவ்வொரு கயிற்றையும் விரலால் உருவி, சிக்கல் இல்லையென்று பார்த்து... அப்புறம்தான் மடிப்பு.

மடிப்புக்கு மார்க், மார்க்குக்குச் சம்பள உயர்வு என்று புதுத் திட்டம் வந்தது. மூன்று வருஷமும் ஆமை கடைசி ரேங்க். முதல் ரேங்க், 'எக்ஸ்பிரஸ்' என்ற ஆசாமி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு!

ஒருநாள், ஈரப் பாராசூட்டுகளைத் தொங்கவிடும் உலர்த்துக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஆமை விழுந்து கிடந்தார்.

'மார்க் குறைந்த வேதனையில் தற்கொலை' என்று சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதினார்.

"என் வீட்டுக்காரர் அப்படிச் செய்யற ஆளே இல்லைங்க!" என்று கதறினாள், அதே கூடத்தில் தையல்காரியாக இருக்கும் அவர் மனைவி. "என் புள்ளைங்க காலம் பூரா இதைக் கேட்டுக்கிட்டே வளரணுமா?"

யார் காதில் ஏறும்? ஃபைலை மூடிவிட்டார்கள்.

இப்போது செத்தவர் கையெழுத்துப் போடுகிறார்!

ஒன்பது மணிக்கு விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். குட்டையான பெண்மணி. வாயில் ஒரு கிராம்பு.

"முப்பதையும் திருப்பிக் கொண்டாந்துட்டேன். பேய் மடிச்சதைக் கட்டிக்க எந்தச் சிப்பாயும் ரெடியா இல்லை. வாங்க சார், கோபுரத்துல வச்சுப் பேசுவோம்."

"அ... அங்க வேணாமே மேடம்..."

"ஏன், பயமா?"

"பயமா? எனக்கா?" என்றவரின் சட்டை முதுகு நனைந்திருந்தது.

நாலு மாடி உயரம். உள்ளே வெள்ளை வெளேரென்று பாராசூட்டுகள் தொங்கின. காற்றே இல்லை. ஆனாலும் அசைந்தன. கீழே ஒரு மூலையில், ஆமையின் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் கேக்குதா மேடம்?"

"என்ன சத்தம்?"

"கயித்தை உருவுற சத்தம்... சர்ர்... சர்ர்னு... பதினோரு நாளா! ரூம் கதவைச் சாத்தினாலும் கேக்குது!"

"அன்னிக்கு ஆமையோட மேல ஏறினீங்களா?"

"ஐயோ, இல்லவே இல்லை! அவன் மூஞ்சியைக்கூடப் பார்க்கலை. ரூமை விட்டு நான் நகரவே இல்லை."

"எக்ஸ்பிரஸ் வேலை எப்படி?"

"தங்கம் மேடம்! அவனாலதான் எங்க கூடமே முதல் இடத்துல நிக்குது. எனக்குப் பிரமோஷன்கூட வரப்போகுது."

"அவர் மேல புகார்?"

"ஒருத்தரும் வாயால கூடச் சொன்னதில்லை!"

தையல் மெஷின் சட்டென்று நின்றது.

அதிகாரி இரண்டு பாராசூட் பைகளைத் தூக்கி மேஜையில் வைத்தார்.

"சுவத்துல இருக்கிற முதல் விதியைப் படிங்க."

"சந்தேகம் எழுந்தால்... சரிபார்த்துக் கையெழுத்திட்டவரே... அதைக் கட்டிக்கொண்டு..." சூப்பர்வைசர் அதோடு நிறுத்தினார்.

"குதிக்க வேண்டும்! ரெண்டு அட்டையிலயும் சரிபார்த்த கையெழுத்து உங்களோடது. விமானம் நிக்குது. ஒண்ணு எக்ஸ்பிரஸ் மடிச்சது. இன்னொண்ணு செத்தவர் மடிச்சது. எது வேணும்?"

சூப்பர்வைசரின் கை எக்ஸ்பிரஸ் பைப் பக்கம் போனது. நெருப்பைத் தொட்டதுபோலப் பின்வாங்கியது.

ஆமையின் பையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்!

"என்ன சார், தங்கத்தை விட்டுட்டுப் பேயை எடுக்கறீங்க?"

"அதை நான் கட்ட மாட்டேன்! அவன் கயித்தை உருவறதே இல்லை! சிக்கலோட அப்படியே திணிச்சு மூடறான்!"

"யார் சொன்னது?"

"ஆமைதான்! அன்னிக்கு மேல வச்சு என்கிட்ட..."

வாய் திறந்தபடியே நின்றது.

"மேல வச்சு...?"

சூப்பர்வைசர் பையோடு தரையில் சரிந்தார்.

"எக்ஸ்பிரஸ் மடிச்சது முந்நூறையும் பிரிக்கணும்னான் மேடம்! இல்லேன்னா தலைமைக்கு எழுதிப் போடுவேன்னான். கூடத்தோட மார்க் போயிடும், என் பிரமோஷன் போயிடும்... ஒரே ஒரு தள்ளு... அவ்வளவுதான்!"

விலங்கு மாட்டப்பட்டது.

அதிகாரி மூலைக்குப் போனார். "தேதியை மாத்தினது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க." தையல்காரி எழுந்தாள். "அவர் கடைசியா மடிச்சு வச்சது அது. தேதியை மட்டும் நேத்துன்னு திருத்தினேன். கூடப் போன இருபத்தொம்பதும் எக்ஸ்பிரஸ் மடிச்சது. அதைக் கட்டிக்கிட்டுக் குதிக்கிறது அத்தனையும் யாரு பெத்த புள்ளைங்களோ! உசுரோட அவர் சொன்னப்ப யாரும் கேக்கலை. செத்தவர் கையெழுத்துன்னா ஒரு நிமிஷமாவது நிப்பாங்கன்னு தோணுச்சு."

சூப்பர்வைசர் எதிரே வந்து நின்றாள். கண்ணீர் கொட்டியது.

"மூணு வருஷமா கடைசி மார்க் போட்டீங்களே சார்... உங்க உசுருன்னு வந்ததும் அவர் மடிச்சதைத்தானே எடுத்தீங்க?"

அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சர்ர்... சர்ர்...

அதிகாரி விருட்டென்று மேலே பார்த்தார். உச்சியில் யாருமில்லை. ஒரே ஒரு பாராசூட்டின் கயிறுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. கிராம்பைக் கடித்து விழுங்கினார்.

விலங்கோடு வாசலுக்கு நடந்த சூப்பர்வைசர், ஆமையின் பையை இன்னமும் விடாமல் கட்டிப்பிடித்திருந்தார்.

அதிகாரி அதை மெல்லப் பிடுங்கினார்.

"இறக்கி வைங்க சார்! ஜீப்புலதான் போறோம்... அங்கேருந்து உங்களை யாரும் தள்ளிவிட மாட்டாங்க!"