சாவிக்கு அடங்காத எஞ்சின்

ஆகஸ்டு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

டெலியாவின் வீட்டுக் கொட்டகையில் வெள்ளை வேன் நின்றது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். அந்த மண் சாலையில் இருக்கும் பண்ணைப் பிள்ளைகளை டெலியாவின் அம்மா அதில்தான் பள்ளிக்குக் கூட்டிப் போவாள். பள்ளி மலைக்கு அந்தப் பக்கம், நாற்பது மைல் தள்ளி இருந்தது.

ஜூன் மாதம் வேனின் பெட்ரோல் எஞ்சின் செத்துப்போனது. அம்மா பழைய இரும்புக் கடைக்குப் போனாள். அங்கே கிடந்த, கடைகளுக்கு ரொட்டி ஏற்றிப்போன ஒரு பழைய வண்டியிலிருந்து டீசல் எஞ்சினைக் கழற்றி வாங்கி வந்தாள். கோடை முழுவதும் அதை வேனுக்குள் பொருத்தினாள்.

"வேன் ஓடலேன்னா?" என்று ஓட்டிஸ் கேட்டான். பக்கத்துப் பண்ணைப் பையன். ஆறு வயது. இந்த வருடம்தான் பள்ளிக்குப் போகிறான்.

"ஓடலேன்னா நீ டவுன்ல அத்தை வீட்ல தங்கிப் படிப்பே. வெள்ளிக்கிழமை அப்பா வந்து கூட்டிட்டு வருவேன்," என்றார் அவன் அப்பா வெர்ன்.

ஓட்டிஸ் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஓடும்," என்றாள் டெலியா. "திங்கக்கிழமை ராத்திரி நீ உன் வீட்லதான் தூங்குவே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குப் பத்து வயதுதான்.

ஒரு எஞ்சின் முதன்முதலாகக் கிளம்புகிறது என்றால் அந்தப் பக்கத்தில் ஆள் கூடும். மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள். பீன்ஸ் குழம்பு அடுப்பில் கொதித்தது. பக்கத்து மேசையில் பலகை மேல் வெங்காயம் நறுக்கி வைத்திருந்தது.

"ஏம்மா கோரின், ரொட்டி வண்டி எஞ்சினாச்சே," என்றார் வெர்ன் மாமா. "டீசல் ஊத்தினியா, வெண்ணெய் ஊத்தினியா?"

"டிராக்டரைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் பண்றவரெல்லாம் பேசக் கூடாது," என்றாள் அம்மா.

டெலியா வேனுக்குள் ஏறி எஞ்சினைப் பார்த்தாள். இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில், மூடி இல்லாமல், ஒரு கரும்பாறை மாதிரி இருந்தது.

"ஸ்பார்க் பிளக் எங்கேம்மா?"

"இதுல கிடையாது. இது காத்தை நசுக்கும். நசுக்க நசுக்கக் காத்து சூடாகும். அதுல டீசலைப் பீச்சினா தானாப் பத்திக்கும்."

"பொறியே இல்லாமலா?"

"பொறியே இல்லாம. காத்தும் டீசலும் போதும்."

டெலியா இரும்பின் மேல் கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"ரேடியேட்டர் இன்னும் மாட்டலை," என்று அம்மா எல்லோருக்கும் சொன்னாள். "தண்ணி கிடையாது. கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிறுத்திடுவேன். விட்டா வெந்துடும்."

டெலியா இறங்கி நின்றாள். அம்மா சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் முனகியது. இருமியது. கரும்புகை கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது.

தரை அதிர்ந்தது. கொட்டகைத் தகரம் முழுவதும் ஒரே குரலில் பாடியது. டெலியாவின் நெஞ்சுக்குள் யாரோ நடப்பது போல இருந்தது. யாரும் கைதட்டவில்லை. வெர்ன் மாமா தொப்பியைக் கழற்றினார்.

அம்மா சாவியைப் பின்னால் திருப்பினாள்.

எஞ்சின் நிற்கவில்லை.

அம்மா சாவியை உருவி எடுத்தாள். கையில் பிடித்துப் பார்த்தாள். எஞ்சின் ஓடியது.

"பேட்டரியைக் கழட்டுங்க," என்று கத்தினாள்.

வெர்ன் மாமா ஓடிப்போய் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினார். அப்போதும் ஓடியது. சாவி இல்லை. கம்பி இல்லை. பொறி இல்லை. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு, கோரின்."

"பேய் இல்லை. டீசலை அடைங்க."

அவர் டீசல் குழாயை அடைத்தார். உள்ளே மிச்சமிருந்ததைக் குடித்தபடி எஞ்சின் ஓடியது. பெயின்ட் கருகும் வாசனை வந்தது. அம்மா எஞ்சின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

ஓட்டிஸ் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். கண் நிறைய தண்ணீர்.

டெலியா யோசித்தாள். இதற்கு வேண்டியது இரண்டே பொருள். டீசலை அடைத்தாயிற்று. அது தீர நேரமாகும். மிச்சம் ஒன்றுதான்.

வேனின் முன்பக்கம் போனாள். எஞ்சினிலிருந்து வந்த ஒரு குழாய் அங்கே வாயைத் திறந்து வைத்திருந்தது. கிட்டே போனதும் அவள் முடி அதன் பக்கம் பறந்தது.

"அம்மா, இது வழியாத்தானே மூச்சு விடுது?"

வெர்ன் மாமா அதைக் கேட்டுவிட்டுத் தொப்பியோடு ஓடி வந்தார்.

"துணியை வைக்காதீங்க, முழுங்கிடும்," என்று அம்மா அலறினாள். "கையையும் வைக்காதீங்க. கெட்டியா, தட்டையா ஏதாவது வேணும்."

டெலியா அதற்குள் மேசையிடம் ஓடியிருந்தாள். பலகையைக் கவிழ்த்தாள். வெங்காயம் மண்ணில் கொட்டியது. திரும்பி ஓடி வந்து, பலகையை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடித்து, குழாயின் வாயில் அழுத்தினாள்.

பலகையை அது கவ்வியது. அவ்வளவு பலத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. எஞ்சின் திணறியது. ஒருமுறை வேனையே உலுக்கியது. நின்றது.

கொட்டகையில் ஒரு ஈ பறப்பது கேட்டது.

"மூச்சை நிறுத்திட்டாளே," என்றார் வெர்ன் மாமா மெதுவாக.

அம்மா குனிந்து எஞ்சினைப் பக்கவாட்டில் தடவினாள். ஒரு சின்ன நெம்புகோல் விரலில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரொட்டி வண்டியில ஒரு கைப்பிடி இருந்திச்சு. இதை இழுத்து நிறுத்தறதுக்குத்தான். நான் அதை ரொட்டி அலமாரிக் கைப்பிடின்னு நினைச்சு அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."

முதலில் சிரித்தது அம்மாதான்.

"வெந்துபோச்சாம்மா?" என்று டெலியா கேட்டாள்.

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். "தெரியலை கண்ணு. தண்ணி ஊத்தி மறுபடி ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

அன்று எல்லோரும் வெங்காயம் இல்லாத குழம்பு சாப்பிட்டார்கள். ஓட்டிஸ் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெர்ன் மாமா ரேடியேட்டர் மாட்ட வந்தார். அம்மா நெம்புகோலில் ஒரு கம்பியைக் கட்டி, ஓட்டுபவர் இருக்கைப் பக்கம் இழுத்து விட்டாள். தண்ணீர் ஊற்றினார்கள். அம்மா சாவியை டெலியாவிடம் கொடுத்தாள்.

டெலியா திருப்பினாள். முதல் முனகலிலேயே பிடித்துக்கொண்டது. அம்மா காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள். பிறகு தலையசைத்தாள். டெலியா கம்பியை இழுத்தாள். அவ்வளவு பெரியது, சொன்ன பேச்சு கேட்டு நின்றது.

திங்கட்கிழமை வேன் மலை ஏறியது. பழைய எஞ்சின் பாதி மேட்டில் ஆவி கக்கி நின்றுவிடும். பிள்ளைகள் இறங்கி நிற்பார்கள். இது நிற்கவில்லை. அவசரமும் படவில்லை. ஒவ்வொரு வளைவாக ஏறி உச்சிக்கு வந்தது.

கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். அவர்கள் வீடுகள் தீக்குச்சிப் பெட்டிகள் போலத் தெரிந்தன.

பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கி உள்ளே ஓடினார்கள். ஓட்டிஸ் மட்டும் முன்னால் சுற்றிப் போனான். வேனின் வெதுவெதுப்பான மூக்கில் உள்ளங்கையை வைத்தான். அம்மாவிடமும் கேட்கவில்லை, டெலியாவிடமும் கேட்கவில்லை. வேனிடமே கேட்டான்.

"சாயங்காலம் வந்துடுவேல்ல?"