சொகுசு ஈரம்

பல்லடத்துப் பாவாத்தாளின் குஞ்சுபொரிப்பகத்தில் முட்டைகள் தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஓட்டுக்குள் குஞ்சு நெளிவதை ஈரச்செவி என்ற கருவி ஒட்டுக்கேட்டு, அது விரும்பும் ஈரத்தையும் காற்றையும் பொரிப்புப் பெட்டிக்குள் வைத்துக்கொடுக்கும். முன்பெல்லாம் பாவாத்தாள் தண்ணீர்த் தட்டோடு மல்லுக்கட்டுவாள். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் காற்றறை பெருகாமல் குஞ்சு திணறும். இப்போது அந்தக் கவலை குஞ்சுகளுடையது.

அவள் கணவன் நாச்சிமுத்து படுக்கையறையிலும் ஓர் ஈரச்செவியை மாட்டினான். சித்திரை வெயிலில் அவன் தோல் கேட்ட காற்று வந்தது. உள்ளே போனவன் சோற்றுக்கு மட்டும் குரல் கொடுத்தான்.

குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தொன்றாம் நாளும் போயிற்று. ஒரு முட்டையிலும் கீறல் இல்லை. இந்த ஈட்டு முட்டைகளும் வீணாய்ப் போனால் பொரிப்பகத்துக்குப் பூட்டுதான்.

"எல்லாஞ் செத்துப்போச்சா?" என்றாள் பாவாத்தாள்.

"உசுரோடதான் இருக்குதுங்க அம்மிணி," என்றது ஈரச்செவி. "வெளிய வாங்கன்னேன். எதுக்குன்னு கேக்குதுங்க."

"உள்ள தீனி தீந்திருக்குமே?"

"தீந்துதானுங்க போச்சு. ஆனா காத்து அருமையா இருக்குதாமா."

பாவாத்தாளுக்கு விளங்கியது. மூச்சு முட்டினால்தான் குஞ்சு ஓட்டைக் கொத்தும். கருவி முட்ட விடவில்லை. இன்று வெளியே வராவிட்டால் அத்தனையும் சொகுசாகச் செத்துப்போகும்.

"கேட்டதெல்லாங் குடுத்து வளத்துனா இப்படித்தான்," என்று கருவியின் கம்பியைப் பிடுங்கினாள். தண்ணீர்த் தட்டை நிரப்பினாள். காற்றுத் துளைகளில் பாதியைத் துணியால் அடைத்தாள். மதியத்துக்குள் பெட்டி முழுக்கக் கொத்தல். ஈரக் குஞ்சுகள் கத்திக்கொண்டே வந்தன. என்ன திட்டின என்று கேட்டுச் சொல்ல, கம்பி பிடுங்கிய கருவிக்குத்தான் காது இல்லை.

அதே கையோடு படுக்கையறைக்குப் போனாள்.

"மாமோவ், குஞ்சு பொரிச்சிருச்சு. எந்திரிச்சு வாங்க!"

"வாரேன் புள்ள. மொதல்ல கதவச் சாத்து, ஈரம் போவுது."

உள்ளே வந்து சாத்தினாள். அங்கிருந்த கருவியின் கம்பியைப் பிடித்தாள். அப்போது பிடரியில் அந்தக் காற்று பட்டது.

"அம்மிணிக்குஞ் சேத்து வெக்கட்டுங்களா?" என்றது ஈரச்செவி.

"ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் புடுங்கிக்கிறேன்," என்றாள் அவள்.

அது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. குஞ்சுகள் தீவன மூட்டையைத் தாமே பிரித்துத் தின்றுவிட்டு, படுக்கையறைக் கதவைக் கொத்திக்கொண்டிருக்கின்றன. உள்ளேயிருந்து பதிலுக்குக் கொத்தும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.