கண்தின்னிச் சுவர்

"அழிக்கப் போறியா, இல்ல உன் கையைப் பிடுங்கி நானே அழிக்கட்டுமா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் விசாலம்.

"கையைப் பிடுங்கினால் அபராதம், அம்மா. மூன்று நாள் யாரும் பார்க்காவிட்டால் படம் தானாகவே உதிர்ந்துவிடும்" என்றது சுவர்க்காப்பான் எந்திரம்.

செவ்வாயின் நான்காம் கூடார நகரில் தெருச்சுவர் எல்லாவற்றுக்கும் கண்தின்னிப் பூச்சுதான். வரைந்ததில் பார்வை படும் இடம் தழைத்து வளரும்; படாத இடம் வாடி உதிரும். யாரும் வரையலாம், யாரும் அழிக்கக் கூடாது. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

படத்தை வரைந்தவள் காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் ரெஜினா. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரு சேலையை மடிக்கிறார்கள். முனைகள் சேரும் நேரம். மூக்கும் மூக்கும் உரச ஒரு சாண் பாக்கி. அதில் ஒருத்திக்கு முகவாயில் மச்சம். விசாலத்தின் மகள் செவ்வந்திக்கும் அதே இடத்தில் மச்சம். வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பேசாமல் இருந்திருந்தால் வியாழனன்றே வெறுஞ்சுவர். ஆனால் விசாலத்தின் வாய் சும்மா இருக்குமா? "வந்து பாருங்கடி இந்த அசிங்கத்தை!" என்று வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினாள். வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்த கையோடு பேசவும் தொடங்கினார்கள்.

"எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷத்துல ஒரு நாள் மறுமுனையைப் பிடிச்சதில்லக்கா" என்றாள் மும்தாஜ்.

"எனக்குக் கதவுக் கைப்பிடிதான் புருஷன். அதுலதான் முடிஞ்சு வச்சு மடிக்கிறேன்" என்றாள் எதிர்வீட்டு லலிதா.

"அதுக்காகப் பொண்ணும் பொண்ணும் குடித்தனம் பண்றதா?" என்று சீறினாள் விசாலம்.

"யாரா இருந்தா என்னக்கா, பிடிச்ச முனையை விடாம இருந்தா சரி" என்றாள் மும்தாஜ்.

வெள்ளிக்கிழமை படம் மூன்று மாடி உயரம். மச்சம் தாம்பாளம் அளவு. மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையிலேயே அண்ணாந்து பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பினார்கள்.

"மச்சம் என்னுதுதாம்மா" என்றாள் செவ்வந்தி.

அடுத்த மாதமே அவளும் ரெஜினாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நிலவுக்குக் குடிபோனார்கள். அந்த மாப்பிள்ளையும் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான்; அந்தப் பெண் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "சேலை மடிக்கத் தெரியுமா?" என்பதாம். தெரு அடுத்த வம்புக்குப் போய்விட்டது.

விசாலம் மட்டும் எங்கும் போகவில்லை. "ஒருத்தரும் பார்க்கலையே, இன்னும் ஏன் உதிரல?" என்று காலையில் வந்து சுவர்க்காப்பானிடம் சண்டை பிடிப்பாள். சுவரில் ரெஜினாவின் பாதி எப்போதோ வெளுத்துவிட்டது. மச்சக்காரி மட்டும் மெருகு குலையாமல், சேலையின் ஒரு முனையோடு நின்றாள்.

எந்திரம் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னது: "தினமும் அரை மணி நேரம் நிற்கிறீர்கள், அம்மா. அந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். பாவம், சேலை தரையில் புரள்கிறது."