ஒரு புள்ளி, ஒரு சுற்று

பம்பரத்தை ஓரிடத்தில் உட்கார வைக்க யாராலும் முடியாது. சாப்பிடும்போது கால் ஆடும். படிக்கும்போது நாற்காலி ஆடும். "உன் இடத்துல மட்டும் முள்ளா இருக்கு?" என்று கணக்கு டீச்சர் கேட்பார். இல்லை என்று சொல்வதற்கும் அவள் எழுந்துதான் நிற்பாள். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் அவளைவிட மோசமாக ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார். அது அவளுடைய அம்மா.

துருப்பிடித்த பழைய கார்களைச் சரிசெய்து ஓட வைப்பதுதான் அம்மாவின் தொழில். துரு தின்ற தகட்டை வெட்டி எடுப்பார். புதுத் தகட்டை அதே வளைவுக்குத் தட்டிக் கொண்டுவருவார். பிறகு ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டி, வெல்டிங் வைக்கவேண்டிய இடத்தில் வைத்து, காரோடு சேர்த்துவிடுவார். எது பழசு, எது புதுசு என்று அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் இப்போது அவருடைய வலது கை கட்டுப் போட்டு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டிய எண்ணெயில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது.

நடுவில் நின்றது மாட்டு டாக்டரம்மாவின் பழைய நீலக் கார். அதன் பின்சக்கரத்துக்கு மேலே வரவேண்டிய தகட்டை, விழுவதற்கு முன்பே அம்மா செய்துவிட்டார். அதன் கீழ்விளிம்பை உலோகப் பசை போட்டு ஒட்டியும் விட்டார். துணி காயப்போட்ட கொடிபோல அங்கே வரிசையாகக் கிளிப்புகள் கடித்துக்கொண்டிருந்தன. மேல்விளிம்பில் வெல்டிங் மட்டும் பாக்கி. நாளை கார் பெயிண்ட் அடிக்கப் போகவேண்டும். டாக்டரம்மா பாவம், இரவல் சைக்கிளில் மருந்துப் பெட்டியோடு மாடு மாடாக அலைந்துகொண்டிருந்தார்.

அதனால் வெல்டிங் வேலை மாமாவின் தலையில் விழுந்தது. மாமா அம்மாவின் தம்பி. போன மாதம்தான் பட்டறைக்கு வந்தார். வந்த வேகத்தில் ஒரு கதவுத் தகட்டை வெல்டிங் சூட்டில் நெளியவிட்டார். அது அலை அலையாக இன்னும் சுவரில் சாய்ந்து நின்றது.

"முதல்ல கழிவுத் தகட்டுல போட்டுப் பாருடா," என்றார் அம்மா.

மாமா முகமூடியை இறக்கினார். பம்பரம் மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்தாள். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். இந்த ஒரு சட்டத்தை மட்டும் அவள் மீறுவதில்லை.

"கையைத் தூக்கு," என்றது அம்மாவின் குரல். "அவ்வளவு இல்ல. டேய், மூச்சைப் பிடிச்சுக்காத. விடு. இப்ப எதுக்கு இவ்வளவு விடற?"

சர்ர்ர். பொத்!

"ஓட்டை போட்டுட்டியா!"

பம்பரத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் அம்மா வீட்டில் ஒற்றைக் கையால் தலைவாரிக்கொண்டிருந்தபோது, மாமா இதே தகட்டில் வெல்டிங் புள்ளி வைத்துப் பழகினார். ஒவ்வொரு புள்ளியும் சட்டைப் பொத்தான்போல அழகாக இருந்தது. அதே கைதானே இது?

அம்மா இன்னொரு தகடு தேட வெளியே போனார். மாமா முகமூடியைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை.

அலமாரியின் மேல், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் எதையோ அவர் தள்ளி மறைத்தார். பம்பரத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அது மாமாவின் துணிப்பை. சட்டைகள் அடைத்து உப்பியிருந்தது.

"மாமா, எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல."

"பின்ன எதுக்குப் பை?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "இந்தக் காரோட தகட்டை உங்கம்மா எவ்வளவு பாடுபட்டுத் தட்டினா, நீயே பார்த்தியே. இந்தக் கையோட இன்னொண்ணு செய்ய முடியுமா? இதையும் நான் கெடுத்துட்டா அவ முகத்துல எப்படி முழிக்கிறது? சொல்லாமக் கிளம்பிடுவேன். நீ யார்கிட்டயும் உளறாத."

பம்பரத்தை 'உட்காரு' என்று ஒருநாளும் சொல்லாத ஒரே பெரியவர் மாமாதான். அவள் நடந்துகொண்டே வாய்ப்பாடு சொன்னால், அவரும் கூடவே நடந்து கேட்பார். மாமா போகக்கூடாது.

அவள் காரைச் சுற்றி நடந்தாள். நடந்தால்தான் அவளுக்கு யோசனை ஓடும்.

"மாமா, போன தடவை கதவு ஏன் நெளிஞ்சுது?"

"ஒரே கோடா இழுத்துட்டேன். அப்படிச் செய்யக் கூடாது. இந்தக் கோடியில ஒரு புள்ளி, அந்தக் கோடியில ஒரு புள்ளி, அப்புறம் நடுவுல ஒண்ணுன்னு தாவித் தாவி வைக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஆறவிடணும். இல்லன்னா தகடு நெளியும். சூடு கீழே இறங்கினா பசையும் கருகிடும்."

"தெரிஞ்சும் ஏன் இழுத்தீங்க?"

"ஆறுற வரைக்கும் சும்மா நிக்க முடியலையே! பின்னாடி உங்கம்மா வேற. எப்படா முடியும்னு ஆகிடுச்சு."

சும்மா நிற்க முடியாததைப் பற்றி பம்பரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னால் ஆள் நிற்பதைப் பற்றியும்தான். அவள் ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

அம்மா தகடோடு வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நீ உள்ள வராத."

"என்னடி சொல்ற? என் பட்டறை!"

"கணக்கு டீச்சர் பின்னாடி வந்து நின்னா எனக்கு ஏழெட்டு எவ்வளவுன்னுகூட மறந்துபோகும். டீச்சர் நகர்ந்ததும் ஞாபகம் வரும். மாமாவுக்கும் அப்படித்தாம்மா. காலையில நீ இல்லாதப்ப நல்லா வெச்சார். நீ நின்னதும் ஓட்டை."

அம்மா கையிலிருந்த தகட்டைச் சுவரில் சாய்த்தார். "நான் பார்க்கலன்னா வேற யாரு பார்க்கிறது?"

"அவர் வேலையை அவரே பார்ப்பார். நான் ஆறுற நேரத்தைப் பார்க்கிறேன்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அவர் வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

பம்பரம் உள்ளே போய், கார்த் தகட்டின் மேல்விளிம்பு நெடுக சாக்குக்கட்டியால் எண்கள் போட்டாள். ஒன்று இடது கோடியில். இரண்டு வலது கோடியில். மூன்று நடுவில். பாதி எண்கள் தலைகீழாக விழுந்தன, ஆனால் புரிந்தது.

"மாமா, ஒரு புள்ளி வையுங்க. நான் பட்டறையை வெளிப்பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வந்து கதவைத் தட்டுவேன். தட்டினாத்தான் அடுத்த புள்ளி. அதுவரைக்கும் நீங்களும் உள்ளயே நடங்க."

மாமா சிரித்துவிட்டார். "சரி முதலாளி."

சர்ர்ர். ஒரு புள்ளி.

பம்பரம் ஓடினாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பழைய டயர்களைத் தாண்டி, துருப்பிடித்த வேலியோரமாக வந்து கதவைத் தட்டினாள். டொக் டொக்.

சர்ர்ர்.

"எப்படி இருக்கு?" என்று டிரம்மிலிருந்து அம்மா கேட்டார்.

"தெரியாது!" என்று பம்பரம் பறந்தாள்.

அடுத்த சுற்றில் அம்மா எழுந்து நின்றிருந்தார். அதற்கடுத்த சுற்றில் நகம் கடித்துக்கொண்டிருந்தார். இடது கையில் கடிக்க நகமே மிச்சமில்லை. இன்னொரு சுற்றில் டிரம் காலியாக இருந்தது. அம்மா பம்பரத்தின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"உட்கார முடியலடி," என்றார்.

"எனக்குத் தெரியும்மா."

இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். டொக் டொக், சர்ர்ர். டொக் டொக், சர்ர்ர். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர், "எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

திடீரென்று உள்ளே, சர்ர்ர், சர்ர்ர் என்று அடுத்தடுத்து இரண்டு சத்தம். கதவைத் தட்டவே இல்லை! மாமா அவசரப்பட்டுவிட்டார். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அம்மா கதவை நோக்கிப் பாய்ந்தார். பம்பரம் முந்திக்கொண்டு கைகளை விரித்து வாசலை மறித்தாள்.

"வேணாம்மா!"

"தகடு போச்சுன்னா?"

"நீ இப்ப உள்ள போனா மாமாவும் போயிடுவார்மா! பை கட்டி வெச்சிருக்கார்." சொல்லிவிட்டு, ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா அப்படியே நின்றார். "கிளம்பறதா இருந்தானா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய கண் கலங்கிவிட்டது. பிறகு கதவிலிருந்து ஓர் அடி பின்னால் வந்தார்.

பம்பரம் கதவருகே வாயைக் கொண்டுபோனாள். "மாமா! வெல்டிங்கை நிறுத்திட்டீங்களா? நான் வரலாமா?"

"வா," என்றது சோர்ந்த குரல்.

மாமா அலமாரியைப் பார்த்தபடி நின்றிருந்தார். எழுதிய எண்களின் நடுவே தகடு லேசாகப் புடைத்திருந்தது, வாயில் மிட்டாய் ஒதுக்கிய கன்னம்போல.

"பை பக்கம் பார்க்காதீங்க," என்றாள் பம்பரம். "சூட்டுல உப்பியிருக்கு. முதல்ல ஆறட்டும். ரெண்டு புள்ளி அவசரமா வெச்சீங்க இல்ல? அப்ப ரெண்டு சுத்து. பசை கருகின நாத்தம் வருதா?"

மாமா குனிந்து முகர்ந்தார். "இல்ல."

"அப்புறம் என்ன? தட்டி நிமிர்த்தற வேலையில நீங்கதான் கெட்டி. அம்மாவே சொல்லியிருக்கா."

"எப்ப சொன்னா?"

"நீங்க இல்லாதப்ப."

அது உண்மைதான். அம்மா புகழ்வதெல்லாம் ஆள் இல்லாதபோதுதான்.

அம்மாவும் பெண்ணும் இரண்டு சுற்று சுற்றினார்கள். இவ்வளவு நீளமான சுற்றுகளை பம்பரம் அதுவரை சுற்றியதே இல்லை. இரண்டாவது சுற்று முடியும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். ஒரு பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, மறுபக்கம் சுத்தியலால் மாமா மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா நின்று காதுகொடுத்துக் கேட்டார். தோள்கள் மெதுவாகத் தளர்ந்தன.

"சத்தம் சரியா இருக்கு," என்றார்.

அதன்பிறகு மாமா ஒருமுறைகூட அவசரப்படவில்லை. எல்லா எண்களும் தீர்ந்தன. இடைவெளிகளும் இதேபோல் சுற்றிச் சுற்றி நிரம்பின. மாமா தேய்த்து மழுமழுவென்று ஆக்கிய பிறகு கதவைத் திறந்தார்.

"அக்கா, வந்து பாரு."

அம்மா காருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடினார். இடது கையால் தகட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். மறுபடியும் தடவினார். பம்பரத்தின் இரண்டு கால்களும் அசையாமல் நின்றன. அவளுக்கே அது தெரியவில்லை.

"எங்கடா சேர்த்த?" என்றார் அம்மா. "கைக்கு அகப்படவே இல்லையே!"

மாமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன.

அம்மா அலமாரிக்குப் போய், டப்பாக்களுக்குப் பின்னால் இருந்த பையை இழுத்து மாமாவின் கையில் கொடுத்தார். "சட்டையெல்லாம் கசங்கிடும். எடுத்துக் கொடியில மாட்டு. நாளைக்கு அந்த நெளிஞ்ச கதவையும் நீயே பாரு. நான் வெளியிலதான் இருப்பேன்."

"சும்மா உட்கார முடியுமா அக்கா?"

"முடியாது. ஆனா சுத்திக்கிட்டே இருப்பேன்."

மாமா சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மாட்டினார். அம்மா டிரம்மில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பம்பரம் மட்டும் பட்டறையை இன்னொரு சுற்று சுற்றக் கிளம்பினாள். இந்தச் சுற்று எந்தப் புள்ளிக்காகவும் இல்லை. சும்மா, சந்தோஷத்துக்கு.