மூணு மணி நேரம் தாங்கும்

போன் அடித்தது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய கம்ப்யூட்டர் கடை. மாலை நாலு மணி. விற்பனையாளன் வினோஜ் எடுத்தான்.

"கொளச்சல் ஸ்டேஷன்ல இருந்து பேசுதேன். சிஜோன்னு ஒருத்தனுக்கு லேப்டாப் வித்தியா?"

"ஆமா சார்..."

"ஆளு செத்துக் கெடக்கான். லேப்டாப்பு பக்கத்துல கெடக்கு. பில்லுல ஒனக்க நம்பரு இருக்கு. ஒடனே வா."

வினோஜ் போனை வைத்தான்.

பேட்டரி...

வெடித்துவிட்டதா?

சிஜோ பத்து நாளைக்கு முன்னால்தான் வாங்கினான். வீட்டுக்கு பிளான் வரைகிறவன். நாகர்கோவிலில் ஜெபிஷ் என்பவனோடு கூட்டாக ஆபீஸ் நடத்தி வந்தான். அதை விட்டு விலகித் தனியாகத் தொழில் செய்யப் போவதாகச் சொன்னான். அதற்குத்தான் சொந்தமாக ஒரு லேப்டாப்.

மூன்று தடவை கடைக்கு வந்தான். பகலில் பிளான் வரைய வேண்டும். சாயங்காலம் கேம் விளையாட வேண்டும். இரண்டும் ஒரே மெஷினில். பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனால் தோள் இற்றுப்போகக் கூடாது. வினோஜும் மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு, சூடு என்று ஒவ்வொன்றாக விளக்கினான்.

"எல்லாம் நீங்க பாத்துச் சொன்னா போதும், அண்ணே. ஒண்ணே ஒண்ணு... எனக்க மாடியில இன்வெர்ட்டர் கெடையாது. கரண்டு போனா மூணு மணி நேரம் தாங்கணும்."

வினோஜ் ஒரு நல்ல மாடலைக் காட்டப் போனான். முதலாளியின் விரல் வேறொன்றைக் காட்டியது.

எட்டு மாதமாகக் கண்ணாடி அலமாரியில், சார்ஜரைக் கழற்றாமலே கிடந்த டிஸ்ப்ளே பீஸ். பேட்டரி உப்பிப் போயிருந்தது. வினோஜ்தான் அதைக் கழற்றினான். வினோஜ்தான் டூப்ளிகேட் பேட்டரியை மாட்டினான். புதுசு போலப் பெட்டியில் வைத்து ஒட்டியதும் அவன்தான்.

அப்புறம் சிஜோவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"மூணு மணி நேரம் தாங்கும்."

இன்று காலை சிஜோ இரண்டு தடவை கூப்பிட்டான். எதற்கென்று வினோஜுக்குத் தெரியும். போனைக் குப்புறப் போட்டுவிட்டான். பிறகு வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

அதை இன்னும் கேட்கவில்லை.

கேட்கப் பயம்.

குளச்சலில் அந்த வீட்டு வாசலில் கூட்டம். மாடி அறையில் சிஜோ குப்புறக் கிடந்தான்.

தீயில்லை. புகையில்லை. பின்மண்டையில் ரத்தம். மேஜை மேல் லேப்டாப் அலுங்காமல் இருந்தது.

வெடிக்கவில்லை!

ஒரு நொடி வினோஜுக்கு நிம்மதி வந்தது. செத்தவனைப் பார்த்துக்கொண்டே நிம்மதிப்பட்ட தன்னை அவனுக்கே பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பகவதியப்பன் விவரம் சொன்னார். கீழ்வீட்டு அம்மா காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மதியம் வந்து மாடி ஏறியவள்தான் பார்த்தது. சிஜோவின் போனைக் காணோம். திருட்டு போலத் தெரிகிறது.

சுவரோரம் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். கூட்டாளி ஜெபிஷ். சேதி கேட்டு இப்போதுதான் வந்தானாம்; அதுவரை இன்று குளச்சல் பக்கமே வரவில்லையாம். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை நாகர்கோவில் ஆபீஸில் இருந்தபடி சிஜோவோடு ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தானாம். சிஜோ இந்த லேப்டாப்பில்தான் பிளானைப் பற்றிப் பேசினானாம். ஆபீஸில் நாலு பேர் சாட்சி. மீட்டிங்கில் சிஜோவின் பெயரும் பதிவாகியிருந்தது.

"அப்போ பன்னெண்டு மணி வர ஆளு உயிரோட இருந்திருக்கான்" என்றார் பகவதியப்பன். "ஆனா இங்க காலையில ஒம்பது மணிக்கே கரண்டு போயாச்சு. பராமரிப்பு வேலை. ரெண்டு மணிக்குத்தான் வந்திருக்கு. இது கரண்டு இல்லாம எவ்ளோ நேரம் ஓடும்?"

இப்போது சொல்லியிருக்கலாம்.

முதலாளியின் முகம் வந்தது. வீட்டில் ஏழு மாத கர்ப்பிணியான மனைவி சுஜியின் முகம் வந்தது.

"மூணு மணி நேரம் தாங்கும் சார்."

ஜெபிஷ் மெல்ல மூச்சு விட்டான்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வினோஜ் கீழே இறங்கினான். பைக்கில் சாவியைப் போட்டான்; திருகவில்லை. போனை எடுத்தான். அந்த மெசேஜை அழித்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டியவனும் இல்லை.

அழிக்கப் போன விரல் நின்றது.

செத்தவன் கடைசியாகத் தன்னிடம் பேசியது. அதைக்கூடக் கேட்காமல் அழிப்பதா?

காதில் வைத்தான்.

காலை 9.42.

"வினோஜண்ணே, நான் சிஜோ. கரண்டு போயி அர மணிக்கூருல லேப்டாப்பு ஆஃப் ஆயிட்டு. பேட்டரிய ஒண்ணு பாக்கணுமே... திட்டதுக்கில்ல, நீங்க பாத்து எடுத்துத் தந்ததுதானே, செரியாக்கிருவீயன்னு தெரியும். கீழ ஜெபிஷுக்க பைக் சத்தம் கேக்கு. பொறவு கூப்பிடுதேன்."

வினோஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

இதை வெளியே காட்டினால் வேலை போகும். கேஸ் வரும். காட்டாவிட்டால்...

எழுந்தான். மாடி ஏறினான்.

"சார், நான் சொன்னது பொய். அதுல கெடக்கது டூப்ளிகேட் பேட்டரி. நான்தான் மாட்டுனேன். அர மணி நேரம்கூட ஒழுங்கா தாங்காது."

வினோஜ் போனை நீட்டினான். செத்தவனின் குரல் அந்த அறையில் மறுபடி கேட்டது.

பைக் சத்தம் என்ற இடம் வந்தபோது ஜெபிஷ் வாசலைப் பார்த்தான். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

அவன் பைக் பெட்டியிலேயே சிஜோவின் போன் கிடைத்தது. அதன் பிறகு ஜெபிஷ் ஒன்றையும் மறைக்கவில்லை. சிஜோ விலகினால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவன் பின்னால் போய்விடுவார்கள். பேசத்தான் வந்தானாம், பேச்சு முற்றியதாம். அடித்துவிட்டு, சிஜோவின் போனை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போய், அதை மீட்டிங்கில் சேர்த்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனக்குத் தானே பேசியிருக்கிறான்.

ஜெபிஷை ஜீப்பில் ஏற்றினார்கள். வினோஜ் நின்ற இடத்திலேயே நின்றான்.

"காலையில நான் அந்தப் போன எடுத்திருந்தா... பேசிக்கிட்டு இருந்திருப்பான் சார். ஒருவேள..."

பகவதியப்பன் அவனுடைய புது வாக்குமூலத்தை மடித்து ஃபைலில் வைத்தார். முதலாளியையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

"எனக்க மேலயும் கேஸ் உண்டா சார்?"

"பின்னே? கொலைய கண்டுபிடிச்சதும் நீ. மோசடிய கண்டுபிடிச்சதும் நீ. குத்தவாளியும் நீயே வந்து நிக்க." தொப்பியை மாட்டிக்கொண்டார். "இன்ஸ்பெக்டருக்கு இங்க என்ன சோலின்னு மேல இருந்து கேட்டா, அதுக்கும் நீதான்டே பதில் சொல்லணும்."