எதுனாலும் சரி

இந்தக் கோடை விடுமுறைக்கு எந்தக் கடற்கரை என்று முடிவு செய்யும் உரிமை வாண்டுவுக்குக் கிடைத்தது. அந்த வீட்டில் முறை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். போன வருடம் அண்ணன், அதற்கு முந்தைய வருடம் அப்பா. இந்தத் தடவை விமானம் ஏறி வெளிநாட்டுக் கடற்கரைக்கே போவதாக இருந்ததால், வாண்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணன் சும்மா இருப்பானா? அலைகள் மாடி உயரத்துக்கு எழும்பும் ஒரு கடற்கரையைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அங்கேதான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வாண்டுவின் சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தான். கேட்காமலே கணக்குப் போட்டுக் கொடுத்தான். விடை தப்பாக இருந்தது, அது வேறு விஷயம். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிற எனக்கு அலையெல்லாம் எம்மாத்திரம் என்று சொல்லி, அவரும் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அம்மா எப்போதும் சொல்வதையே சொன்னார். "எனக்கு எதுனாலும் சரி."

அலைக் கடற்கரைக்கே போகலாம் என்றுதான் வாண்டுவும் நினைத்தாள். சொல்வதற்கு முன் அம்மாவின் கைபேசியில் பழைய விடுமுறைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தொப்பை வரை தண்ணீரில் அப்பா. வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு அண்ணன். கழுத்து வரை மணலில் புதைந்த வாண்டு. அம்மா மட்டும் எதிலும் நனையவே இல்லை. எல்லாப் படத்திலும் தூரத்தில், குடைக்குக் கீழே, எல்லோருடைய பைகளையும் செருப்புகளையும் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்று அம்மா வருடா வருடம் சொல்வது வாண்டுவுக்கு நினைவு வந்தது. பை என்ன, எழுந்து ஓடியா போய்விடும்? அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். பள்ளி விட்டதும் வாண்டு அங்கேதான் போவாள். அன்று பரிசோதனை நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார் அம்மா. "முதல்ல வச்சதா, இப்ப வச்சதா? எது தெளிவா இருக்கு?" என்று கேட்டார்.

டிரைவருக்கு அவசரம். எதுனாலும் சரி, ஏதோ ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள் என்றார்.

அம்மா கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்துவிட்டார். "எதுனாலும் சரின்னா நான் கண்ணாடி தர முடியாதுங்க. உங்க கண்ணு, நீங்கதான் சொல்லணும். மெதுவாவே சொல்லுங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த வாண்டுவுக்குச் சுருக்கென்றது. கடைக்கு வருகிற ஒருவரிடமும் அம்மா ஏற்றுக்கொள்ளாத பதில் அது. வீட்டில் அதையே அம்மா சொல்கிறார். நாமும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோமே!

டிரைவர் போனதும் வாண்டு அம்மாவைப் பிடித்து இழுத்து அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். கைபேசியில் பெரிய அலைகள் உள்ள ஒரு கடற்கரையைக் காட்டினாள். பிறகு சின்ன அலைகள் உள்ள ஒன்றைக் காட்டினாள்.

"முதல்ல காட்டினதா, இப்பக் காட்டினதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடி போக்கிரி. எதுனாலும்..."

"எதுனாலும் சரின்னா டிக்கெட் போட முடியாதுங்க. உங்க லீவு, நீங்கதான் சொல்லணும்."

அம்மா படத்தைப் பார்த்தார். சின்ன அலை என்றார். அடுத்து அலையே இல்லாத ஒன்றைக் காட்டியதும், இதுதான் என்று பட்டென்று விரலை வைத்துவிட்டார். ஏன் என்று வாண்டு கேட்டாள். அப்போதுதான் அம்மா சொன்னார். சின்ன வயதில் ஓர் அலை அவரைப் புரட்டிப் போட்டுவிட்டதாம். அன்றிலிருந்து அலை பக்கமே போனதில்லையாம்.

"தண்ணி ரொம்பப் பிடிக்கும்டி. அலைதான் பயம். சொன்னா நீங்க எல்லாரும் எனக்காகக் கரையிலயே உக்காந்துடுவீங்க. அதான் பையப் பிடிச்சுக்கிட்டேன்."

அன்று மாலை அம்மாவே அதை வீட்டில் சொன்னார். இத்தனை வருடமாகச் சொல்லவே இல்லையே என்று அப்பா தலையைச் சொறிந்தார். "நாமளும் கேக்கலியேப்பா" என்றாள் வாண்டு. அண்ணனின் முகம்தான் சுண்டிப்போயிற்று. சைக்கிள் எல்லாம் துடைத்தேனே என்று முணுமுணுத்தான். பாவம், அவனும் வருடம் முழுக்க அலையையே கனவு கண்டவன். அவனை அப்படியே விட்டுவிடவும் வாண்டுவுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் அப்பாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு டிராவல்ஸுக்குப் போனாள். அங்கிருந்த அக்கா, எந்த ஹோட்டலில் துண்டை வாத்து மாதிரி மடித்து வைப்பார்கள் என்று ஆரம்பித்தார். வாத்து வேண்டாம் என்றாள் வாண்டு. கணுக்கால் அளவுத் தண்ணீரில் அம்மா ரொம்ப தூரம் நடக்கிற மாதிரி கடல் வேண்டும். அண்ணனுக்கு அலையும் வேண்டும். கரையில் பைகளைப் பூட்டி வைக்க அலமாரி கட்டாயம் வேண்டும்.

இப்படி யாரும் கேட்டதே இல்லை என்று சொல்லிவிட்டு அக்கா தேடினார். தேடித் தேடி ஒன்றைப் பிடித்தார். அங்கே கடலுக்குள் நீளமாக ஒரு மணல்திட்டு இருந்தது. திட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் குளம் போலக் கிடந்தது. அந்தப் பக்கம் அலை அடித்தது. அண்ணன் படத்தைப் பெரிதாக்கி அந்த அலையை ஆராய்ந்தான்.

"குட்டி அலைதான். பரவாயில்ல, நாம போறதுக்குள்ள வளந்துடும்" என்றான்.

விடுமுறை வந்தது, விமானம் ஏறினார்கள், கடலும் வந்தது. அப்பாவும் அண்ணனும் மணல்திட்டைப் பார்த்து ஓடினார்கள். அம்மா பழக்க தோஷத்தில் ஒரு குடையைத் தேடி உட்கார்ந்து, பைகளை மடியில் இழுத்துக்கொண்டார். வாண்டு பைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போய் அலமாரிக்குள் திணித்தாள். பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். அம்மாவிடம் இப்போது பார்த்துக்கொள்ள ஒரு செருப்புகூட இல்லை.

அம்மா அவள் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார். பாதம் நனைந்தது. இன்னும் கொஞ்சம் நடந்ததும் கணுக்கால் நனைந்தது. அங்கே நின்று, தண்ணீருக்கு அடியில் தெரிந்த தன் கால் விரல்களையே குனிந்து பார்த்தார். பிடி மெல்லத் தளர்ந்தது.

"முதல்ல நின்ன இடமா, இப்ப நிக்கற இடமா?" என்று கேட்டாள் வாண்டு.

அம்மா கடைக்கு வருகிறவர்களைப் போலவே கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தார்.

"அவசரப்படுத்தாதீங்க டாக்டர். இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."