சவரியம்மா போட்ட கஞ்சி

வஹகோட்டை அந்தோனியார் கோயிலில் கல்யாணம் முடிந்து, பஸ்ஸில் மாத்தளைக்கு வந்து இறங்கி, கொங்காவலையில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் புதுப்பெண் தெரேசாவின் கண்ணில் முதலில் பட்டது கட்டிலும் இல்லை, அலுமாரியும் இல்லை. அறையின் நடுச்சுவரில், மற்ற வீடுகளில் இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டுகிற இடத்தில், ஒரு காக்கிச் சட்டை தொங்கியது. திருஇருதய ஆண்டவர் யன்னலுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒதுங்கியிருந்தார். சட்டைக்குக் கீழே, உட்காருகிற நீள மர வாங்கு ஒன்று.

“இது என்னங்க, அறைக்குள்ள வாங்கு?”

“கால்சட்டை போடுறதுக்கு,” என்றான் இஞ்ஞாசி.

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

இஞ்ஞாசிக்குக் கிழமை நாட்களில் கொக்கோ ஸ்டோரில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் அவன் தொண்டர் படைச் சிப்பாய். அந்தப் படையில் எல்லாரும் அப்படித்தான். தபால்காரர், வாத்தியார், கச்சேரி பியோன், எஸ்டேட் டிரைவர் என்று ஆளுக்கொரு பிழைப்பு இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் ட்ரில் ஹோலில் சப்பாத்தைத் தட்டி நின்றால் அத்தனை பேரும் ராணுவம். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன, யுத்தம் எதுவும் கிடையாது. ஆகவே சண்டை முழுவதும் உடுப்பில்தான் நடந்தது. காவலுக்குப் போகும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, சார்ஜன்ட் மேஜர் ஒவ்வொருவனையும் மேலும் கீழும் பார்ப்பார். யாருடைய உடுப்பு திறமோ அவன் கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பைக் கொடுத்து, “ஸ்டிக் ஓடர்லி” என்பார். அவனுக்கு அன்றைக்குக் காவல் இல்லை. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உலாத்தலாம். அந்தப் பிரம்புக்காகத்தான் கஞ்சி போட்டுப் போட்டுக் கால்சட்டையைத் தகரமாக்கி வைப்பார்கள். தரையில் வைத்தால் அது தானாகவே நிற்கும். குனிந்து போட்டால் மடிப்புக் கலைந்துவிடும் என்று வாங்கில் ஏறி நின்று அதற்குள் இறங்குவார்கள்.

இஞ்ஞாசியின் முதல் மனைவி சவரியம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பிரம்பு வேறு கைக்குப் போனதில்லை. காய்ச்சலில் அவள் செத்துப்போன பிறகு, இந்த இரண்டு வருஷமாக, அது அவன் கைக்கு வந்ததில்லை.

இதைத் தெரேசாவுக்குச் சொன்னது இஞ்ஞாசி அல்ல. படைக் குடும்பங்களுக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். அங்கே ஒருத்தி மாற்றி ஒருத்தி சவரியம்மா போட்ட கஞ்சியைப் பற்றியே பேசினார்கள். “அந்தக் கை யாருக்கும் வராதும்மா, நீ ஒண்ணும் கவலப்படாத,” என்று சார்ஜன்ட் மேஜரின் மனைவி கேக் துண்டை நீட்டினாள். கவலைப்படாதே என்று சொல்லியே கவலையை ஊட்டிவிடுகிற ரகம் அந்த அம்மா.

தெரேசாவுக்கு வயிறு எரிந்தது. செத்தவளோடு போட்டிக்கு நிற்பது வெட்கக்கேடு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. செத்தவளுக்கு நரை விழாது. செத்தவள் கறியில் உப்பை அள்ளிக் கொட்ட மாட்டாள். தெரிந்தும் எரிந்தது.

அந்த வாரம் அவளே கஞ்சி காய்ச்சினாள். சட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. அயன் பெட்டி ஒரு பக்கம் கருக்கியும் விட்டது. இஞ்ஞாசி அதைப் போட்டுக்கொண்டு போய், பிரம்பு இல்லாமல் திரும்பி வந்தான். “பரவால்ல, பழகிரும்,” என்றான். சொல்லும்போது பார்வை அவள் மேல் இல்லை, சுவர் ஆணியில் இருந்தது. அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மத்தியானம். உடுப்பைத் துவைத்து, கஞ்சியில் முக்கி, பின்வளவுக் கொடியில் போட்டுவிட்டுத் தெருக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது கொடி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் சிரட்டைக் கரி புகைந்த வாடை. அதோடு சூட்டில் கஞ்சி காயும்போது எழுகிற அந்த இனிப்பு மணமும் கலந்து வந்தது.

ஆணியில் சட்டை தொங்கியது.

வாங்கின் மேல் கால்சட்டை நின்றது. உள்ளே ஆள் இருப்பது போல, நிமிர்ந்து நின்றது.

மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி. ஒரு திட்டு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. தெரேசா பயந்து பயந்து விரலை வைத்தாள்.

சுட்டது.

அயன் பெட்டி மேசைக்கடியில் குளிர்ந்து கிடந்தது. திறந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை சாம்பல்கூட இல்லை.

பக்கத்து வீட்டு ஹவ்வாவிடம் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள். “நான் எங்க புள்ள வந்தேன்? அல்லாட காவல், ஒங்கட கதவு சாத்தித்தானே கெடந்திச்சி,” என்று ஹவ்வா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பொழுது சாய இஞ்ஞாசி வந்தான். அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

“யாரு செஞ்சது?” என்று ரகசியம் போலக் கேட்டான்.

இங்கேதான் தெரேசா தப்புச் செய்தாள். “நான்தான். வேற யாரு?” என்றாள்.

அவன் மடிப்பின் மேல் விரலை மெல்ல ஓட்டினான். பிறகு அதே விரலால் அவள் கன்னத்தைத் தொட்டான். கல்யாணமாகி அன்றுவரை அவன் அப்படித் தொட்டதில்லை. அந்த ஒரு தொடலுக்காக அவள் இன்னும் ஆயிரம் பொய் சொல்லியிருப்பாள்.

பிரம்பு அவன் கைக்குத் திரும்பி வந்தது. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வந்தது. பெண்கள் தெருவில் மறித்து, “என்ன மந்திரம் போட்ட?” என்று கேட்டார்கள். தெரேசா சிரித்து மழுப்பினாள். ஒவ்வொரு புகழ்ச்சியும் அவள் காதில் விழுந்து, வேறொருத்தியின் மடியில் போய் உட்கார்ந்தது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தை விடப் பொறாமைதான் அவளைத் தின்றது. தன் வீட்டில், தன் அறையில், தன் புருஷனுடைய உடுப்பை இன்னொருத்தி தொட்டுத் தடவி மடித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் போகிறான், வருகிறான். நாள் முழுக்க அந்தக் கை அவன் மேல் இருக்கிறது.

உடுப்பை அலுமாரிக்குள் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிப் பார்த்தாள். திறந்தபோது உள்ளே மடிப்புத் தயாராக இருந்தது. கோயிலுக்குப் போய்ச் சவரியம்மாவின் ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தாள். பக்தியினால் அல்ல, மோட்சத்துக்கு அனுப்பிவைத்தால் தொலைவாளே என்றுதான். வீடு திரும்பிப் பார்த்தால், அன்றைக்குச் சப்பாத்தும் சேர்த்து மினுங்கியது.

பிறகுதான் பிடிவாதம் வந்தது. பழைய மாச்சாக்குத் துணியில் கஞ்சி போட்டு, ஆளில்லாத நேரங்களில் அயன் போட்டுப் பழகினாள். கை சுட்டது, விரல் தோல் உரிந்தது, விடவில்லை. வருஷாந்தக் கேம்புக்குத் தியத்தலாவைக்குப் போகும் நாள் நெருங்கியபோது அவளுக்கு வேலை வசப்பட்டிருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் ஆணியில் காத்திருந்த உடுப்பை இழுத்து எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். பின்னேரம்வரை நின்று, எல்லாவற்றையும் தன் கையால் செய்து முடித்தாள். நல்லாகவே வந்தது.

“அக்கா, போதும்,” என்று வெற்றுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “இனிமே என் புருஷன நான் பார்த்துக்குவேன்.”

அடுத்த அறை மேசையில், அயன் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் ஒன்று கேட்டது.

டக்.

அவ்வளவுதான்.

விடிந்ததும் இஞ்ஞாசி வாங்கில் ஏறி அவள் போட்ட கஞ்சிக்குள் இறங்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனான். அன்றிலிருந்து வீட்டில் கரி வாடை இல்லை. கொடியில் போட்ட துணி போட்டபடியே காய்ந்தது. விரட்டிவிட்டோம் என்று தெரேசாவுக்குத் தலைகால் புரியவில்லை. காக்கிச் சட்டை தொங்கிய ஆணியில் திருஇருதயப் படத்தை மாட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தாள்.

கேம்ப் முடியுமுன்னே தபால்காரர் சிவலிங்கம் கால் சுளுக்கித் திரும்பி வந்தார். இஞ்ஞாசியின் கூட்டாளி. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

“அங்க விடாத மழை, தங்கச்சி. எங்க உடுப்பெல்லாம் பூஞ்சணம் புடிச்சுப் போச்சு. ஒங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெனமும் காலையில கஞ்சி போட்டு மடிச்ச உடுப்பு. பொண்டாட்டியப் பெட்டியில வச்சுக் கொண்டாந்துட்டான்னு பகிடி பண்ணாத ஆளில்ல.”

“அவரு என்ன சொன்னாரு?”

“சிரிச்சான்.” சிவலிங்கத்தின் குரல் இறங்கியது. “கூடாரத்துல அவனோட இருந்தவங்க வேற கூடாரத்துக்குப் போய்ட்டாங்க, தங்கச்சி. கரி வாசம் அடிக்குதாம். இப்ப அவன் தனியாத்தான் படுக்கிறான். தனியான்னும் சொல்ல ஏலாது. உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது.”

அவர் போன பிறகும் தெரேசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நியாயமாக அவளுக்கு நடுக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். கேம்புக்குப் பெண்சாதிமார் போகக் கூடாது, அது படைச் சட்டம். செத்தவளுக்கு ஏது சட்டம்? தான் விரட்டவில்லை, வழியனுப்பித்தான் வைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த மழையில், அந்தக் கூடாரத்தில், தன் புருஷனோடு அவள் இருக்கிறாள். தான் இங்கே வெற்றுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். தெரேசா வாய்விட்டு அழுதாள்.

கேம்ப் கலைந்து இஞ்ஞாசி வந்தான். நாள் முழுக்க ரயிலில் நசுங்கி வந்தவன், அப்போதுதான் வாங்கிலிருந்து இறங்கியவன் போல வந்தான். கன்னம் உப்பியிருந்தது. முகத்தில் மாப்பிள்ளைக் களை. அவன் உள்ளே வர, அவனுக்குப் பின்னாலேயே கரி வாடையும் வீட்டுக்குள் வந்தது. தெரேசா வழியை மறித்து நின்றாள்.

“நான் ஒண்ணு சொல்லணும். அந்த உடுப்பெல்லாம் நான் செய்யல. மொத நாள்ல இருந்தே நான் இல்ல.”

“தெரியும்,” என்றான்.

“எப்ப இருந்து?”

“மொத நாளே. அந்த மடிப்பு யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா?”

கன்னத்துக்கு வந்த அந்த விரல் தொட்டது தன்னையல்ல, சவரியம்மாவை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

“அப்ப நான் எதுக்கு இந்த வீட்டுல?”

“ரெண்டு வருஷமா அவளக் கூப்பிட்டேன், தெரேசா. கல்லறையில போய்க் கெடந்து கூப்பிட்டேன். வரல.” அவன் கண் கலங்கியிருந்தது. “நீ வந்து அவ அயன் பெட்டியத் தொட்ட பொறகுதான், பொறுக்க முடியாம வந்தா. ஒனக்குத்தான் நான் நன்றி சொல்லணும்.”

கிண்டலே இல்லை. மனதாரத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தான்.

“மெதுவாப் பேசு. உள்ள வேலையா இருக்கா.”

அவன் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

 தெரேசா காற்றுக்காக முன்கதவைத் திறந்தாள்.

வாசற்படியில் ஒரு மூட்டை.

அவிழ்த்தாள். அவளுடைய சேலைகள், சட்டைகள், பாவாடைகள். கல்யாணச் சேலையும் இருந்தது. காலையில் துவைத்து ஈரமாகக் கொடியில் போட்டதும் இருந்தது. எல்லாம் கஞ்சி போட்டு, மடிப்புக் குலையாமல் அடுக்கியிருந்தன. எல்லாம் சூடாக இருந்தன. மூட்டைக்குப் பக்கத்தில் அவளுடைய செருப்பு, வீதியைப் பார்த்தபடி.

அவள் மூட்டையை வாரி எடுத்து உள்ளே கொண்டுவந்து தரையில் போட்டாள். கதவைத் தாழிட்டாள்.

“இது என் வீடு,” என்றாள்.  “நான் போக மாட்டேன்.”

 அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்த இஞ்ஞாசியின் பேச்சு நின்றுபோயிற்று.

அவளுக்குப் பின்னால், மிக அருகில், கரி வாடை அடித்தது.

அவள் பிடரியில் குளிர்ந்த தண்ணீர்த் துளிகள் விழுந்தன. அயன் போடுமுன் விரல் நுனியால் துணிக்குத் தெளிப்பார்களே, அப்படி.